பேப்பரா, கொல்லைப்புறமா?

நாய்க்குட்டியை மூத்திரம், மலம் போக எங்கே பழக்குவது, வீட்டுக்குள் பேப்பரிலா, வெளியே கொல்லைப்புறத்திலா? தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் இறக்கிவிடக் கூடாது. குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் அழியாமல் கிடக்கும். அதனால் மாடி ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு முதலில் பேப்பர்தான். பால்கனி மூலையில் விரித்து, அடியில் அதன் மூத்திரத்தில் நனைந்த பழைய தாள் ஒன்றை வையுங்கள். வாசனை பிடித்து அங்கேயே வரும். ஆனால் பழகிவிட்டால் மிதியடியும் கீழே கிடக்கும் துணியும்கூட அதற்குப் பேப்பர்தான்.

தெருநாய் நுழையாத கொல்லைப்புறம் இருந்தால், நேரே வெளியேதான் என்பேன். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். இரண்டு மாதக் குட்டியால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. தரையை மோந்தபடி வட்டமடித்தால் நேரம் வந்துவிட்டது. போய் முடித்த கையோடு பிஸ்கட் துண்டு ஒன்று கொடுங்கள்.

எந்த வழியானாலும், மூத்திரத்தில் மூக்கைத் தேய்ப்பது வேண்டவே வேண்டாம். பயந்துபோய்க் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டு மூத்திரம் போகத்தான் கற்றுக்கொள்ளும்.