புதிது என்று விற்ற பழைய டிஸ்குகள், பேக்கப் என்ற பெயரில் ஒரு பொய்

நான்கைந்து ஹார்டு டிஸ்க் போட்ட வொர்க்ஸ்டேஷன் வாங்கப்போகிறவர்கள், பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

வீடியோ எடிட்டிங்குக்காக ஒருவரிடம் வொர்க்ஸ்டேஷன் செய்துதரச் சொன்னேன். தலா 8 டெராபைட் கொண்ட நான்கு புதிய டிஸ்குகள், ஒரு டிஸ்க் பழுதானாலும் மற்றவற்றைக் கொண்டு அதிலிருந்ததை மீட்கும் ரெய்டு 5 அமைப்பு, தினமும் தானாக நடக்கும் பேக்கப் என்று மூன்றும் பில்லில் தனித்தனி வரிகளாக இருந்தன. மூன்றுக்கும் பணம் வாங்கிக்கொண்டார். "ஒரு டிஸ்க் போனாலும் உங்கள் கோப்பு ஒன்றுகூடப் போகாது சார்" என்றார்.

ஒரு டிஸ்க் போனது. அவருடைய ஆள் வந்து புதிதாக ஒன்றைப் பொருத்தி, ரீபில்டை, அதாவது போன டிஸ்க்கில் இருந்ததைப் புதியதில் மீண்டும் உருவாக்கும் வேலையைத் தொடங்கிவிட்டுப் போனார். அது முடிவதற்குள் இரண்டாவது டிஸ்க்கும் செயலிழந்தது. ரெய்டு 5 ஒரு டிஸ்க்கின் இழப்பைத்தான் தாங்கும், இரண்டு போனால் எல்லாம் போயிற்று. பேக்கப் இருக்கிறதே என்று தேடினால், திரையில் தனி டிரைவாகத் தெரிந்த 'பேக்கப்' அதே நான்கு டிஸ்குகளில் பிரித்துவைத்த இன்னொரு பகுதி! மாற்றுச் சாவியையும் அதே வளையத்தில் கோத்துக் கொடுத்திருக்கிறார். அதற்குத்தான் இரவுதோறும் 'பேக்கப் வெற்றி' என்று மின்னஞ்சல் வந்துகொண்டிருந்தது. மூலக் காட்சிகளின் நகல்கள் வேறிடத்தில் இருந்ததால் அவை பிழைத்தன. எடிட் செய்த வேலை முழுவதும் அழிந்தது.

மிஞ்சிய டிஸ்குகளைச் சோதித்தபோதுதான் அடுத்த மோசடி தெரிந்தது. டிஸ்க் தன் ஓட்டத்தைத் தானே குறித்துவைக்கும் வழக்கமான ஸ்மார்ட் பதிவில் நான் பயன்படுத்திய நேரம் மட்டுமே இருந்தது. அந்த எண்ணை அழித்துப் பூஜ்யமாக்கிவிடலாம் என்பது பலருக்குத் தெரியாது. சீகேட் நிறுவனத்தின் டிஸ்குகளில் 'ஃபார்ம்' என்று இன்னொரு பதிவு உண்டு. ஸ்மார்ட்மான்டூல்ஸ் மென்பொருளின் 7.4 பதிப்பிலிருந்து அதைப் படிக்க முடிகிறது. அதில் 20,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியதாக இருந்தது. என்னிடம் வருவதற்கு முன்பே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இரவு பகலாக எங்கோ உழைத்துத் தேய்ந்தவை அவை. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் இதே வகை மோசடி பெரிய செய்தியாயிற்று. உற்பத்தியாளருக்குத் தெரியாமல் இடையில் இருப்பவர்கள் செய்யும் வேலை இது.

தேய்ந்த டிஸ்குகளுக்கு ரீபில்டு நேரம்தான் கண்டம். போன ஒன்றை மீட்க மற்ற மூன்றையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும், அதாவது 24 டெராபைட். மூன்றும் ஒரே நேரத்தில், ஒவ்வொன்றும் வினாடிக்கு 200 மெகாபைட் வேகம் குறையாமல் ஓடினாலும் 11 மணி நேரம் ஆகும். சாதாரண டிஸ்குகள் பலவற்றின் விவரக்குறிப்பே சுமார் 12.5 டெராபைட் படித்தால் ஒரு பிழை வரலாம் என்ற வரம்பைத்தான் தருகிறது. நல்ல டிஸ்க் அதைவிட நன்றாகவே உழைக்கும். ஒரே இடத்தில் ஒன்றாகத் தேய்ந்த நான்கிடம் அதை எதிர்பார்க்க முடியாது. இவ்வளவு பெரிய டிஸ்குகளுக்கு இரண்டின் இழப்பைத் தாங்கும் ரெய்டு 6 வேண்டும் என்று விற்பவர் சொல்லியிருக்க வேண்டும். அதையும் சொல்லவில்லை.

கேட்டதற்கு, "எனக்கு வந்ததைத்தான் கொடுத்தேன்" என்றார். பேக்கப்புக்கு வாங்கிய பணத்தைப் பற்றிக் கேட்டால் பதிலே இல்லை.

டிஸ்க் கைக்கு வந்ததும் சீரியல் எண்ணை உற்பத்தியாளரின் இணையதளத்தில் போட்டு உத்தரவாதக் காலத்தைப் பாருங்கள். சீகேட் என்றால் இரண்டு பதிவுகளின் மணி நேரங்களையும் ஒப்பிடுங்கள், பெரிய வித்தியாசம் இருந்தால் அன்றே திருப்பிக் கொடுங்கள். பேக்கப் அமைத்துத் தருகிறேன் என்பவரிடம், அது எந்த டிஸ்க்கில், எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கைகாட்டச் சொல்லுங்கள். வொர்க்ஸ்டேஷனை அணைத்துவிட்டு, அந்த பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பையாவது வேறொரு கணினியில் திறந்து காட்டிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.