காட்பாடியில் முகத்துக்கு வாக்ஸ் போட்ட அனுபவம்

தங்கை கல்யாணத்துக்காக மே மாதம் மெல்போர்னிலிருந்து காட்பாடி வந்தேன். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் காந்தி நகரில் ஒரு பார்லருக்குப் போய், மேலுதட்டுக்கும் தாடைக்கும் வாக்ஸ் போடச் சொன்னேன், அதாவது சூடான மெழுகைத் தடவி முடியை இழுத்து எடுப்பது.

"த்ரெடிங் பண்ணிடலாமேக்கா" என்றாள் அங்கிருந்த பெண். நூல் சுண்டிச் சுண்டி இழுக்கும் வலி எனக்குத் தாங்காது. வாக்ஸ் என்றால் சுரீரென்று ஒரே இழுப்பு. மேலுதட்டில்தான் வலி அதிகம், கண்ணில் தானாகத் தண்ணீர் வந்துவிடும். ஆனால் சில நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

கண்ணாடியைப் பார்த்தால், உதட்டுக்கு மேல் ஓரிடத்தில் தோல் உரிந்திருந்தது. முகச் சுருக்கத்துக்கும் பருவுக்கும் பூசும் ரெட்டினால் கிரீமை இரவில் நான் பூசுவேன், அதுதான் காரணம். அது மேல்தோலை இளக்கி வைத்திருக்கும், வாக்ஸ் முடியோடு அதையும் பிடுங்கிவிடும். அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கல்யாணத்தன்று அந்த இடம் பொருக்குத் தட்டி, மேக்கப்பையும் மீறித் தெரிந்தது. மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

ரெட்டினால் பூசுகிறவர்கள் ஒரு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள். பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வாக்ஸே வேண்டாம். மாத்திரையை விட்டு 6 மாதமாவது ஆகட்டும். வாக்ஸின் சூட்டை முதலில் மணிக்கட்டில் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முகத்தில் தடவிய குச்சியையே திரும்ப வாக்ஸ் டப்பாவில் விட்டால், தயங்காமல் புதுக் குச்சி கேளுங்கள். ஒருவர் முகத்துக் கிருமி அடுத்தவருக்குப் போகும் வழி அதுதான்.

அப்புறம் வேலூர் வெயில். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். நான் மத்தியானம் ஆட்டோவில் திரும்பினேன், வீடு வருவதற்குள் முகம் தீயாக எரிந்தது. சாயங்காலமாகப் போங்கள். சாதாரணச் சிவப்பு சில மணி நேரத்தில் அடங்கிவிடும். "மஞ்சள் தேச்சா சரியாயிடும்டி" என்று பெரியம்மா கிண்ணத்தோடு வந்தார். உரிந்த தோலில் வேண்டாம் பெரியம்மா என்று சொல்லி, ஈரத்துணி வைத்து, வாசலின் மட்டும் தடவினேன். வாக்ஸ் போட்டால் முடி தடித்து வளரும் என்றும் பயந்தார். அப்படியெல்லாம் இல்லை, ஒரு மாதம் கழித்து மெல்லியதாகத்தான் வந்தது.

என்னைப் பார்த்து, சித்தி மகளும் தாடைக்கு வாக்ஸ் போட வேண்டும் என்றாள். அவளுக்குச் சில மாதங்களாகத்தான் அங்கே கருகருவென்று முடி வருகிறது, மாதவிலக்கும் தள்ளித் தள்ளிப் போகிறது. அது ஹார்மோன் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். அவளைப் பார்லருக்குக் கூட்டிப் போகவில்லை. சித்தியிடம் பேசி, வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க அழைத்துப் போனேன்.