கேஸ் இல்லாத மிக் மெஷின் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்: எனக்கு 14,500 ரூபாய் போச்சு

மதுரையில் ஒரு டூல்ஸ் கடை. பத்து நாளைக்கு முன்னால் அங்கே 14,500 ரூபாயை எண்ணிக் கொடுத்து வெல்டிங் மெஷின் வாங்கி வந்தேன். அது இப்போது திண்ணையில் சும்மா கிடக்கிறது. வாப்பாவின் மாருதி 800, தரையை வெட்டி எடுத்த கோலத்தில் தார்ப்பாய்க்குள் நிற்கிறது.

வண்டி 1996 மாடல். கீழக்கரை உப்புக் காற்றில் எந்த இரும்பு தப்பும்? டிரைவர் கால் வைக்கிற இடத்தில் மிதியடியைத் தூக்கினால் ரோடு தெரிந்தது. டிங்கர் பட்டறையில் ‘இதுக்குப் போயி செலவு பண்ணாதீங்க’ என்றார்கள். வாப்பா மவுத்தான பிறகு அந்த வண்டியைக் காயலானுக்குப் போட எனக்கு மனம் வரவில்லை. சரி, நாமே வீட்டில் தகடு ஒட்டுவோம் என்று இறங்கினேன்.

கார் தகடு ஒரு மில்லிகூட இருக்காது. கேட் செய்கிற ராடு மெஷினை வைத்தால் பழகாத கைக்கு ஓட்டைதான் விழும். மிக் மெஷின் என்றால் மெல்லிய கம்பி தானாக வரும், பொட்டுப் பொட்டாக வைக்கலாம். இதையெல்லாம் விசாரித்துக்கொண்டுதான் போனேன்.

கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். எந்த ஊர், என்ன வண்டி என்று கேட்டார். ‘கடற்கரை ஊரு, கேஸ் போட்டு அடிச்சா காத்து தள்ளிட்டுப் போயிரும் பாய். உங்களுக்கு ஃப்ளக்ஸ் கம்பிதான் சரி, சிலிண்டரே வேணாம்’ என்றார். ஃப்ளக்ஸ் கம்பி என்றால் உள்ளேயே மருந்து அடைத்த கம்பி, வெல்டைக் காற்றுப் படாமல் காக்கிற கேஸின் வேலையை அந்த மருந்தே பார்த்துக்கொள்ளும். அது உண்மை. திறந்த வெளியில் காற்று அடித்தால் கேஸ் நிற்காது, வெல்டு நுரைத்துப் போகும். நம் ஊர்க் காற்றையும் கணக்கில் வைத்துப் பேசுகிறாரே என்று அங்கேயே விழுந்துவிட்டேன். கடையில் வைத்திருந்த மெஷினில் ஒரு பட்டையின் மேல் ஓட்டிக் காட்டினார். அழகாக ஏறியது. கட்டிக் கொடுத்த பெட்டியோ குடோனிலிருந்து வந்தது. அதே நிறம், அதே பெயர். நான் பிரித்துப் பார்க்கவில்லை.

பில் கேட்டேன். ‘பில் போட்டா 18 பர்சென்ட் கூடும் பாய், எதுக்கு வீணா?’ என்றவர், ஒரு துண்டுச் சீட்டில் ‘வெல்டிங் மெஷின் 1’ என்று எழுதிக் கொடுத்தார். அதையும் வாங்கிப் பையில் வைத்தேன்.

வீட்டில் முதல் பொட்டு வைத்ததுமே கடுகு பொரிகிற மாதிரி பொறி தெறித்தது. கம்பி உருண்டை உருண்டையாக மேலே உட்கார்ந்ததே தவிர தகட்டில் பிடிக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் கையோடு வந்தது. ராமநாதபுரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் மச்சானைக் கூட்டி வந்தேன். பக்க மூடியைத் திறந்தவர் ஒரு நிமிஷம் பேசவில்லை. கேஸ் இல்லாத கம்பிக்கு, கம்பி வெளியே வருகிற கைப்பிடியான டார்ச் மைனஸில் இருக்க வேண்டும், தகட்டில் கவ்வ வைக்கிற எர்த் பிளஸ்ஸில். அதற்காகப் பல மெஷினில் உள்ளே மாற்றிப் போட வழி இருக்கும். இதில் டார்ச் பிளஸ்ஸிலேயே பூட்டிக் கிடக்கிறது, மாற்ற வழியே இல்லை. கேஸுக்கென்று செய்த மெஷின். கம்பியைத் தள்ளுகிற சக்கரத்தின் பள்ளமும் தேய்ந்து பளபளவென்று இருந்தது. புது மெஷினில் அது எப்படித் தேயும்?

போன் செய்தேன். ‘கம்பி மாத்திப் பாருங்க பாய்.’ கம்பி மாற்றினேன், அதற்கு வேறு தனிச் செலவு. அடுத்த போனில், ‘உங்க ஊர்ல வோல்டேஜ் கம்மி.’ மச்சானின் பட்டறையில் போட்டும் பார்த்தாயிற்று, அதேதான். அப்புறம் ‘நேர்ல கொண்டாங்க’ என்றார். மெஷினை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கடையில் ஒரு பையன் மட்டும் இருந்தான். ‘ஓனர் இல்ல, திங்கக்கிழமை வாங்க’ என்றான். பின்னால் அந்த ஆளின் குரல் கேட்டது! திங்கட்கிழமை போனால் துண்டுச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘இதுல எங்க கடைப் பேரே இல்லையே’ என்கிறார். பாய் என்று கூப்பிட்ட அதே வாய். 14,500 ரூபாய், நான் ஆறு மாதம் சேர்த்த காசு.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது கை ஓடவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். மூடியைத் திறந்து பிளஸ் மைனஸ் மாற்றுகிற இடத்தைக் கண்ணால் பாருங்கள். கார் தகட்டில் ஒரு துண்டைக் கையோடு கொண்டுபோய், உங்களுக்குத் தரப்போகிற பெட்டியைப் பிரித்து அதிலேயே ஓட்டச் சொல்லுங்கள். 18 பர்சென்ட் போனாலும் போகிறது, சீரியல் நம்பரோடு பில் வாங்குங்கள். பணத்தை ஆன்லைனில் அனுப்புங்கள், கொடுத்ததற்கு அதுவாவது சாட்சி. நான் ரொக்கமாகக் கொடுத்தேன்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் இன்று காலை புகாரைப் பதிந்துவிட்டேன். குடியிருக்கிற மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. கடையில் ஓட்டிக் காட்டியபோது மச்சானுக்கு அனுப்ப போனில் எடுத்த வீடியோ ஒன்று இருக்கிறது, அதில் கடைப் போர்டு தெரிகிறது. அதை வைத்துக்கொண்டு ராமநாதபுரத்திலேயே போடப் போகிறேன்.