என்டர் தட்டினால் அடுத்த வரியா, அனுப்பிவிடுமா? ஜிபோர்டு ஒரு மதிப்பீடு

முகவரி, கணக்கு விவரம், சந்திக்கும் நேரம் எல்லாம் ஒரே பத்தியாக வந்து விழுந்தால் படிப்பவருக்குச் சிரமம். வரி பிரித்து எழுதலாம் என்று என்டரைத் தட்டினால், பாதிச் செய்தி அப்படியே போய்விடுகிறது. ஆண்ட்ராய்டு போன்களில் பரவலாக இருக்கும் ஜிபோர்டு கீபோர்டை இந்த ஒரு வேலையை வைத்து மட்டும் இங்கே எடைபோடுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என்டர் என்ன செய்ய வேண்டும் என்பதை முடிவு செய்வது கீபோர்டு அல்ல, செயலிதான். எழுதும் பெட்டி திறக்கும்போதே "இங்கே புது வரி", "இங்கே அனுப்பு" என்று செயலி சொல்லிவிடும். ஜிபோர்டு அதைப் பொத்தானின் மேல் படமாகக் காட்டுகிறது. வளைந்த அம்பு என்றால் புது வரி, காகித விமானம் என்றால் அனுப்பிவிடும், சிரிப்பு முகம் என்றால் எமோஜி. இந்தப் படம் தெளிவாக இருப்பது ஜிபோர்டின் பெரிய பலம். தட்டுமுன் வலது கீழ் மூலையை ஒரு கணம் பார்த்தால் போதும்.

விமானமோ சிரிப்பு முகமோ இருந்தால் ஷிப்டை ஒருமுறை தட்டிப் பாருங்கள். பல செயலிகளில் அதே பொத்தான் வளைந்த அம்பாக மாறும். மாறாவிட்டால் அந்தப் பெட்டி புது வரியை ஏற்காது என்று வைத்துக்கொள்ளலாம். வாக்கியத் தொடக்கத்தில் தானாக வரும் பெரிய எழுத்து நிலையை நம்ப வேண்டாம், ஷிப்டை நீங்களே தட்ட வேண்டும். ஷிப்ட் இல்லாத தமிழ் அமைப்பில் எழுதுபவர்கள் ஆங்கிலத்துக்கு மாறித் தட்டிவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கிறது. இவ்வளவு பயனுள்ள வழியை ஜிபோர்டு திரையில் எங்கும் சொல்லாமல் விட்டிருப்பது உண்மையான குறை.

நிரந்தரத் தீர்வு செயலிக்குள் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், சாட்ஸ், அதில் "என்டர் இஸ் சென்ட்". இதை அணைத்துவிட்டால் என்டர் புது வரிக்கு மட்டுமே, அனுப்பப் பச்சைப் பொத்தான் தனியாக இருக்கிறது. டெலிகிராமிலும் சிக்னலிலும் இதே போன்ற சுவிட்ச் உண்டு. ஐபோன் வாட்ஸ்அப்பில் இந்தக் குழப்பமே இல்லை, ரிட்டர்ன் தட்டினால் அடுத்த வரிதான். கணினியில் வாட்ஸ்அப் வெப் திறப்பவர்கள் மட்டும் ஷிப்டைப் பிடித்துக்கொண்டு என்டர் தட்ட வேண்டும்.

வரி பிரித்த பிறகும் சில இடங்களில் இடறும். வாட்ஸ்அப்பில் தடித்த எழுத்துக்கான நட்சத்திரக் குறி வரி தாண்டி வேலை செய்யாது, ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகத் திறந்து மூட வேண்டும். செய்தியின் தலையிலும் காலிலும் விட்ட வெற்று வரிகள் அனுப்பும்போது வெட்டப்படும்.

அடிக்கடி அனுப்பும் பல வரிச் செய்திகளுக்கு ஜிபோர்டின் கிளிப்போர்டு (நகலெடுத்தவை சேரும் இடம்) நன்றாக உதவுகிறது. நோட்ஸ் செயலியில் வரி பிரித்து எழுதி, நகலெடுத்து, கிளிப்போர்டில் 'பின்' (pin) செய்து, அதாவது நிலையாகக் குத்தி வையுங்கள். ஒட்டும்போது வரிகள் அப்படியே வரும். பின் செய்யாவிட்டால் 1 மணி நேரத்தில் காணாமல் போய்விடும்.

எஸ்எம்எஸ் அனுப்புபவர்கள் கணக்கும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு என்டரும் ஓர் எழுத்தாக எண்ணப்படும், வெற்று வரி விட்டால் இரண்டு. ஆங்கிலத்தில் 160 எழுத்து வரை ஒரே செய்தி என்பதால் அது உறைக்காது. தமிழில் எல்லை 70தான், அதைத் தாண்டினால் செய்தி துண்டுகளாகப் பிரியும், ஒவ்வொரு துண்டிலும் 67. "கோ" போன்ற உயிர்மெய் திரையில் ஒன்றாகத் தெரிந்தாலும் கணக்கில் இரண்டு. 68 எழுத்தில் முடிந்த செய்தியில் மூன்று என்டர் சேர்த்தால் அது இரண்டு எஸ்எம்எஸ் ஆகிவிடும். அங்கே வெற்று வரியைத் தவிர்த்து ஒற்றை என்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.