வண்டிக் கொட்டிலில் தொங்கும் ரூஃப் ராக்: மூன்று மாரி கடந்த அனுபவம்

எங்கள் வான் வண்டியின் ரூஃப் ராக்கை, அதாவது கூரையில் சாமான் ஏற்றும் இரும்புச் சட்டத்தைக் கழற்றி வைக்கலாம் என்ற யோசனை 2022 ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டில் வந்தது. அப்போதைய கியூஆர் பங்கீட்டில் வானுக்குக் கிழமைக்கு 20 லீற்றர்தான் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு வெறும் ராக்கைத் தலையில் சுமந்து ஓடுவானேன்? வருடத்தில் நாலைந்து முறைதான் அதற்கு வேலை வரும்: கதிர்காமப் பயணம், கிளிநொச்சிக் காணித் தேங்காய், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இருந்து ஏற்றிவரும் கனடாச் சூட்கேசுகள். மிச்ச நாளெல்லாம் காற்றைப் பிடிப்பதுதான் அதன் தொழில். ஆனையிறவில் ஏறியதும் களப்புக் காற்றுக்கு விசிலடிக்கத் தொடங்கிவிடும். கழற்றிய பிறகு எரிபொருள் மிச்சத்தை விட அந்த விசில் நின்றதுதான் எனக்குப் பெரிய நிம்மதி.

கழற்றுவது லேசு. பழைய வான் என்பதால் கூரை ஓரத்துப் பீலியில் ஆறு கால்கள் கவ்விக்கொண்டு நிற்கும். 13 ஆம் நம்பர் சாவி ஒன்று போதும். எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. எட்டடி நீளம், நாலரை அடி அகலம், 32 கிலோ இரும்பு. முதலில் கிணற்றடி மதிலில் சாத்தி வைத்தேன். ஒரு மாரி முடிவதற்குள் ஒட்டு வைத்த இடமெல்லாம் துருவேறி, கோழிகளுக்கும் ஏணியாகிவிட்டது. அப்புறம்தான் அண்ணாந்து பார்த்தேன். வானை விடுவது அப்பப்பா காலத்து வண்டிக் கொட்டிலில். ஓட்டுக் கூரை, அதைத் தாங்கும் பனைமரக் குறுக்கு வளைகள், தரையில் இருந்து வளைக்குப் பத்தடி. வானின் உயரம் ஆறரை அடி. நடுவில் உள்ள இடம் சும்மாதான் கிடந்தது.

நாலு மூலைக்கும் நேர் மேலே வளையில் நாலு கப்பி. நாலு கயிறும் ஒரு பக்கமாக வந்து ஓர் இரும்பு வளையத்தில் சேரும். வளையத்தை இழுத்தால் ராக் நேராக மேலே போகும். படம் கீறிப் பார்த்தபோது எல்லாம் அழகாகத்தான் இருந்தது. இழுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மேலே அசையாமல் நிற்கும் கப்பி கயிற்றின் திசையை மட்டும்தான் மாற்றும், பாரத்தைக் குறைக்காது. 32 கிலோவும் என் கையில். வளையத்தோடு சேர்ந்து நகரும் கப்பி ஒன்றைப் போட்டதும் பாதியாகியது. இரண்டரை அடி தூக்க ஐந்தடி கயிறு இழுக்க வேண்டும், அவ்வளவுதான். உரசலையும் சேர்த்தால் இருபது கிலோ மாதிரித் தெரியும். ஒரு ஆள் வேலை.

கிணற்றுக் கப்பியை இதற்குப் போடாதீர்கள். நான் போட்டேன். அதன் பள்ளம் தடித்த கயிற்றுக்குச் செய்தது. மெல்லிய கயிறு பக்கவாட்டில் வழுக்கிச் சில்லுக்கும் சட்டத்துக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். சிக்கினால் மேலேயும் போகாது, கீழேயும் வராது. மீன்பிடிச் சாமான் கடையில் சின்னக் கப்பிகளும் பின்னல் கயிறும் வாங்கிய பிறகுதான் அந்தத் தலையிடி தீர்ந்தது. அதற்கு முன் கட்டியிருந்த நீலக் கயிற்றில், வாசல் வெயில் படும் ஒரு முழம் மட்டும் நரைத்து, பிடித்தால் உள்ளங்கையில் தூளாக ஒட்டியது. நிழலில் இருந்த மிச்சம் புதுசு போலவே இருந்தது.

பெரிய பிழை கொளுக்கியில். பனையில் வெளியே உள்ள வைரப் பக்கம் ஆணி ஏறாது, உள்ளே மெத்தென்ற சோற்றிப் பக்கம் ஏறின ஆணி நிற்காது. இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனாலும் பின் இடது மூலைக் கொளுக்கியை லேசாக முறுக ஏறியதே என்ற சந்தோஷத்தில் சோற்றியில் ஏற்றிவிட்டேன். மூன்றாம் கிழமை ஒரு இரவு தடாரென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு மூலை சரிந்து, வானின் கூரைக்கு ஒரு சாண் மேலே ஆடிக்கொண்டு நிற்கிறது. அம்மா வாசலில் நின்றே கேட்டா: “தம்பி, உது இனி ஆற்ற தலையில விழப்போகுது?”

அடுத்த நாளே முறையை மாற்றினேன். வளையில் ஓட்டை போடுவதே இல்லை. வளையைச் சுற்றி, பழைய சைக்கிள் ரியூப் துண்டை அடியில் வைத்து, ஆறு மில்லிமீற்றர் சங்கிலி. கப்பியும் அந்தச் சங்கிலியில்தான் தொங்குகிறது. ராக் மேலே போனதும் நாலு மூலைக்கும் தனியாக ஒவ்வொரு சங்கிலி மாட்டி, கயிற்றைத் தளர்த்திவிடுவேன். கயிறு தூக்குவதற்கு மட்டும், தாங்குவது சங்கிலி. இதைச் செய்யாமல் கயிற்றை நம்பி மாதக்கணக்கில் தொங்க விடுபவர்களைக் கண்டால் எனக்கு இப்போது பயம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, ராக்கைக் கையால் தூக்கவே வேண்டியதில்லை என்பது. வானை உள்ளே விட்டு, மூலைகளில் கயிற்றை மாட்டி, கால்களைத் தளர்த்தி, இழுத்து, வானை வெளியே எடுத்தால் சரி. திரும்பப் பூட்டும்போது வான் சரியான இடத்தில் நிற்க வேண்டும். அதற்குக் கூரைச் சிலாகையில் இருந்து ஒரு சிரட்டையை நூலில் தொங்கவிட்டிருக்கிறேன். முன் கண்ணாடியில் சிரட்டை முட்டினால் பிரேக். கனடாவில் இருந்து வந்த அத்தான் பார்த்துவிட்டு, “என்ன மச்சான், கண்ணூறுக்கோ?” என்றார்.

குறைகளும் உண்டு. கொட்டில் வாசல் தெற்குப் பக்கம். சோளகக் காற்று தெற்கில் இருந்து தொடங்கினால் ராக் ஊஞ்சலாடி, இரவில் கிறீச் கிறீச் என்று கத்தும். பக்கவாட்டில் இரண்டு கயிறு கட்டி அடக்கினேன். உப்புக் காற்றுக்குச் சங்கிலி துருப்பிடிக்காமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிறீஸ் பூச வேண்டும். குழாய்களின் திறந்த முனைகளில் குளவி மண் கூடு கட்டும். அவற்றைத் துணி வைத்து அடைத்தேன். அணிலுக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. போன வருடம் தும்பும் பஞ்சும் சேர்த்து ராக்கின் நடுவே கூடு கட்டிக் குஞ்சும் பொரித்துவிட்டது. கதிர்காமப் பயணத்துக்கு ராக் இல்லாமல், பைகளை மடியில் வைத்துக்கொண்டுதான் போனோம். மனைவி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

கப்பி, கயிறு, சங்கிலி எல்லாம் சேர்த்துப் பதினோராயிரம் ரூபா அளவில் முடிந்தது. பின் இடது கப்பியின் சில்லு தேய்ந்து ஒரு பக்கம் சரிந்திருக்கிறது, வாற மாரிக்கு முன் மாற்ற வேண்டும். புதுக் கப்பி வாங்கி இரண்டு மாதம். இன்னும் வானின் டாஷ்போர்ட்டில்தான் கிடக்கிறது.