ஆவாரையா, செங்காந்தளா: வேலியோரத்துக்கு எது?

வேலியை மறைக்கும் அளவுக்கு உயர வேண்டும். ஒருமுறை வைத்தால் ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டும். நன்றாகப் பூக்க வேண்டும். இந்த மண்ணுக்கே உரியதாகவும் இருக்க வேண்டும். இப்படித் தேடிக் கழித்ததில் எனக்கு எஞ்சியவை இரண்டு: ஆவாரையும் செங்காந்தளும். தெற்கு வேலியோரம் ஆவாரையை விதைத்தேன். அது நிலைபெற்ற பிறகு மேற்கு மூலையில் நான்கு செங்காந்தள் கிழங்குகளை ஊன்றினேன். ஆவாரைக்கு இது ஐந்தாம் ஆண்டு. செங்காந்தளோடு எனக்கு இரண்டு பருவப் பழக்கம்தான். ஒன்றைத்தான் வைக்க முடியும் என்றால், நிலத்தில் வைப்பதற்கு ஆவாரை என்றே சொல்வேன்.

அழகில் செங்காந்தளுக்கு ஈடில்லை, அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மொட்டு பச்சையாகத் தலைகவிழ்ந்து தொங்கும். விரிந்ததும் ஆறு இதழ்களும் அலையலையான விளிம்போடு பின்னோக்கி மேலே வளைந்துகொள்ளும். பச்சை மஞ்சளாகி, மஞ்சள் அடியில் நிற்க நுனி சிவந்து, கடைசியில் பூ முழுவதும் குருதிச் சிவப்பாகும். ஒரே கொடியில் இந்த எல்லா நிறங்களையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். இலை நுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு கொழுகொம்பைப் பிடித்துக்கொண்டு ஏறுவது இன்னோர் அழகு. தமிழ்நாட்டின் மாநில மலர் என்ற பெருமைக்கு முழுத் தகுதி உடையது. மகளிர் விரல்களுக்கு இதைச் சங்கப் புலவர்கள் உவமை சொன்னது ஏன் என்று, வீட்டில் ஒரு கொடி பூத்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

செங்காந்தளின் நஞ்சைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. கண்வலிக்கிழங்கு, கலப்பைக் கிழங்கு என்ற பெயர்களில் பலரும் அறிந்ததுதான். செடி முழுவதும் கோல்கிசின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது, கிழங்கிலும் விதையிலும் அதிகம். வள்ளிக்கிழங்கு என்று நினைத்துத் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. சிறு குழந்தைகளும் மண்ணைக் கிளறும் நாயும் உள்ள வீட்டில் இதை வைக்காதீர்கள்.

என் முடிவைத் தீர்மானித்தது நஞ்சும் அல்ல, அழகும் அல்ல, தண்ணீர். செங்காந்தள் ஆடி மழையோடு முளைவிடும், புரட்டாசி முதல் கார்த்திகை வரை பூக்கும், காய் முற்றியதும் காய்ந்து சாய்ந்துவிடும். அதற்குப் பிறகு அடுத்த மழைக்காலம் வரை மண்ணுக்கு மேலே ஒன்றுமே இருக்காது. அந்த மாதங்களில் கிழங்கு இருக்கும் மண் உலர்ந்தே இருக்க வேண்டும், ஈரம் தேங்கினால் அழுகும். ஆனால் மற்ற செடிகள் தண்ணீருக்கு ஏங்குவதும் அதே கோடையில்தான். மல்லிகைக்கும் கத்தரிக்கும் ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு போகும்போது, வெறும் மண்ணாகத் தெரியும் அந்த மூலையை மட்டும் நனைக்காமல் விட வேண்டும். ஒரு நாள் என்றால் முடியும். ஐந்து மாதம் தவறாமல், வீட்டில் யார் தண்ணீர் விட்டாலும் அப்படியே செய்வது கடினம்.

எனக்கு முதல் கோடையிலேயே ஒரு கிழங்கு அழுகிப்போனது. இன்னொன்றை நானே கெடுத்தேன். பங்குனியில் கத்தரி நாற்று நடக் கொத்தியபோது மண்வெட்டி அதன் நுனியை வெட்டிவிட்டது. கலப்பை போல் கவைவிட்ட அந்தக் கிழங்கில் ஒவ்வொரு கவையின் நுனியிலும் ஒரே ஒரு முளைதான் இருக்கும். அது முறிந்தால் அந்தக் கவை முளைக்காது. விதை போட்டு மீட்டெடுக்கலாம் என்றால், பூவைப் பார்க்க 3, 4 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அந்த வழியை நான் முயன்றதில்லை. காட்டிலும் வேலியிலும் தோண்டி எடுத்து வருவதை மட்டும் செய்யாதீர்கள், மருந்துக்காகத் தோண்டித் தோண்டியே பல இடங்களில் இது அருகிவிட்டது.

ஆவாரைக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. முதல் ஆண்டு வாரம் ஒருமுறை தண்ணீர் விட்டேன். இரண்டாம் கோடையில் விட்டது இரண்டு முறையோ மூன்று முறையோதான். அதன் பிறகு விடவே இல்லை. தரிசிலும் சாலையோரச் சரளையிலும் பூத்து நிற்கும் செடிக்குத் தோட்டத்து மண்ணே அதிகம். அதைக் கெடுப்பது நம் அக்கறைதான். முதலில் முளைத்தவற்றில் மூன்று கன்றுகளைத் தினமும் தண்ணீர் ஊற்றி வேரழுக வைத்துவிட்டேன்.

தொடங்கும்போது இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும். விதையின் தோல் மிகக் கடினமானது. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு வெந்நீரில் ஊறவைத்துப் போட்டேன், பெரும்பாலானவை முளைத்தன. ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் இடம் மாற்றினால் பிழைப்பது அரிது. எனவே நிற்க வேண்டிய இடத்திலேயே விதையுங்கள். என் செடிகள் இப்போது ஆளுயரத்தைத் தாண்டிவிட்டன. ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிடுகிறேன். வெட்டாமல் விட்ட ஆண்டில் அடிப்பகுதி இலையின்றிக் குச்சியாகி, வேலி மறையவில்லை.

பூவைச் செங்காந்தளோடு ஒப்பிட முடியாது. ஆனால் வெயிலில் அந்த மஞ்சள் கொத்துகள் எரிவதுபோல் தெரியும், ஏறக்குறைய ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு கிளை பூத்திருக்கும். காலையில் கருவண்டுகள் வரும். இந்தப் பூவில் தேன் இல்லை, மகரந்தம்தான். மகரந்தப் பைகளின் நுனியில் சிறு துளை மட்டுமே இருப்பதால், வண்டு பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்து மகரந்தத்தை உதிர்க்கிறது. பக்கத்தில் நின்றால் அந்த ரீங்காரம் திடீரென உயர்வது நன்றாகக் கேட்கும். சில ஆண்டுகளாகக் கேட்கிறேன், அலுக்கவில்லை. மழைக்குப் பிறகு பச்சைப் புழுக்கள் இலையைத் தின்னும். மருந்து அடிக்காதீர்கள், சில வாரங்களில் அவை வெளிர்நிற வண்ணத்துப்பூச்சிகளாகப் பறக்கும், செடியும் மீண்டும் துளிர்க்கும். போகியன்று காப்புக் கட்ட ஆவாரம்பூவை வெளியில் தேட வேண்டியதில்லை என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி.

நிழலில் ஆவாரை சோம்பிவிடும், நாள் முழுவதும் வெயில் வேண்டும். தண்ணீர் தேங்கும் களிமண்ணில் எப்படி வரும் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது, என் மண் செம்மண். மொட்டை மாடியில் தொட்டி மட்டுமே வைக்க முடிந்தவர்களுக்கு என் விடை மாறும். ஆணிவேருக்குத் தொட்டி போதாது. செங்காந்தளுக்கோ தொட்டிதான் சரியான இடம். கொடி காய்ந்ததும் தொட்டியை அப்படியே மழையும் குழாய்த் தண்ணீரும் படாத மூலைக்கு நகர்த்திவிடலாம்.

மிஞ்சிய இரண்டு கிழங்குகளையும் தை மாதம் எடுத்து, முளைநுனி முறியாமல் மணல் கலந்த மண்ணில் தொட்டிக்கு மாற்றிவிட்டேன். படிக்கட்டின் கீழே காய்ந்த மண்ணோடு இருக்கின்றன. ஆடி பிறந்ததும் வெளியே எடுத்து முதல் தண்ணீர் விட வேண்டும்.