ஒரு கிணறும் ஒரு வெற்றுக் கல்லும்

இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில், லுபாங் புவாயா என்ற இடத்தில் ஒரு பழைய கிணறு இருக்கிறது. 1965 அக்டோபர் 1 அன்று கொல்லப்பட்ட ஆறு ஜெனரல்களையும் ஒரு லெப்டினன்டையும் அதில்தான் போட்டார்கள். இன்று கிணற்றுக்கு மேல் மண்டபம், பக்கத்தில் எழுவருக்கும் வெண்கலச் சிலைகள். சரி, அதற்குப் பழிவாங்குவதாகச் சொல்லி, ராணுவமும் அதன் கூட்டாளிகளும் கம்யூனிஸ்டுகள் என்று முத்திரை குத்திக் கொன்ற ஐந்து லட்சம் பேருக்கும் மேற்பட்டவர்கள்? அவர்களைப் பற்றி அங்கே பேச்சே கிடையாது. ஏழு பேருக்குப் பெயர் உண்டு, லட்சக்கணக்கானோருக்கு எண்கூட இல்லை. 2023 ஜனவரியில் அதிபர் ஜோகோ விடோடோ வருத்தம் தெரிவித்தார், மன்னிப்புக் கேட்கவில்லை.

தென்கொரியாவின் ஜேஜு தீவிலும் 1948 முதல் 1954 வரை கம்யூனிஸ்ட் ஒழிப்பு என்ற பெயரில் சுமார் 25,000 முதல் 30,000 பேர் மாண்டார்கள். தீவில் கிட்டத்தட்ட பத்தில் ஒருவர். பல பத்தாண்டுகள் அங்கேயும் யாரும் வாய் திறக்க முடியவில்லை. ஆனால் 2000இல் சிறப்புச் சட்டம் வந்தது, 2003இல் விசாரணை அறிக்கை, அதே ஆண்டு அதிபர் ரோ மூ ஹியூனின் மன்னிப்பு. 2008இல் திறந்த அமைதிப் பூங்காவின் அருங்காட்சியகத்தில் ஒரு வெள்ளைக் கல் படுத்துக் கிடக்கிறது, ஓர் எழுத்தும் செதுக்காமல். நடந்ததை எழுச்சி என்பதா, கலவரம் என்பதா, படுகொலை என்பதா? முடிவாகும் வரை கல் நிமிராது.

இந்தப் படுகொலைகளைப் படிக்க வருபவருக்கு, இரண்டு நினைவிடங்களில் ஜேஜுவே உதவும்: ஆவணம் உண்டு, பெயர்ப்பட்டியல் உண்டு. லுபாங் புவாயாவையும் தவிர்க்க வேண்டாம், ஓர் அரசு எதையெல்லாம் சொல்லாமல் விடும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைக்காது.